மலிவான பேய்களும் சிரிப்பும் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வாரங்களுக்கு முன் ஒரு கேள்விக்குப் பதிலளிக்கையில், உங்களுக்கு விருப்பமான படங்களின் வரிசையில், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்களான சாம் ரைமியின் ‘ஈவில் டெட்’, பீட்டர் ஜாக்சனின் ‘பேட் டேஸ்ட்’ ஆகியவற்றையும் சேர்த்திருந்தீர்கள். நீங்கள் சொல்கிறீர்களே என்று ‘பேட் டேஸ்ட்’ படத்தைத் தேடிப் பார்த்தேன். ரப்பர் முகமூடி மாட்டிய வேற்றுக்கிரகவாசிகள், உடைந்த மண்டையிலிருந்து வழியும் மூளையை உள்ளே திணித்து பெல்ட்டால் இறுக்கிக்கொள்ளும் ஒருவன், ராக்கெட் பட்டுச் சிதறும் ஆடு என்று போய்க்கொண்டே இருந்தது. முடியும் முன்பே நிறுத்திவிட்டேன். என் அலுவலகத்து இளைஞர்கள் வார இறுதிகளில் ஒரு வீட்டில் கூடி இத்தகைய படங்களைப் போட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ‘பிளான் 9’ என்னும் பழைய படம் அவர்களுக்கு வேதம் மாதிரி.

என் கேள்விகள் இரண்டு. இலக்கியத்தில் ஒரு வரி பிசகினாலும் பொறுக்காத நீங்கள், இந்த அரைகுறை வேலைப்பாட்டை எப்படி ரசிக்கிறீர்கள்? இது நம்மைவிடத் திறமை குறைந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் மேட்டிமைச் சிரிப்பாகாதா? அடுத்தது, ஒரே படத்தில் பயமும் சிரிப்பும் எப்படிச் சேர்ந்திருக்க முடியும்? ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடாதா?

அன்புடன்,
எம்.,
கோயம்புத்தூர்

அன்புள்ள எம்.,

உங்கள் முதல் கேள்வியில் இருவேறு வகைப் படங்கள் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. உங்கள் நண்பர்கள் கொண்டாடும் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ ஒரு வகை. நான் குறிப்பிட்ட இரண்டும் வேறு வகை. மூன்றிலும் பணம் இல்லை என்பது மட்டுமே பொது.

எட் வுட் இயக்கிய ‘பிளான் 9’ படத்தின் இன்றைய புகழ் ஒரு வசையிலிருந்து தொடங்கியது. 1980இல் மெட்வெட் சகோதரர்கள் எழுதிய ஒரு நூல் அதை உலகின் மிக மோசமான படம் என்று அறிவித்தது. அதன்பின் அதைப் பார்ப்பதே ஒரு கேளிக்கை ஆயிற்று. சிரிப்பதற்கு அதில் நிறையவே இருக்கிறது. டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பெலா லுகோசி 1956 ஆகஸ்டில் இறந்துபோனார். வேறொரு முயற்சிக்காக அவரை வைத்து எடுத்திருந்த சில நிமிடத் துண்டுகள் எட் வுட்டிடம் இருந்தன. அவற்றைப் புதிய படத்தில் சேர்த்துக்கொண்டு, மிச்சக் காட்சிகளுக்கு எலும்பு நீவிச் சிகிச்சையளிக்கும் ஒருவரை, லுகோசியைவிட நெட்டையாக இருந்தபோதிலும், மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கவைத்தார். ஒரே காட்சிக்குள் பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. இந்தச் சிரிப்பு இருபது நிமிடங்களில் வற்றிவிடும் என்பது என் அனுபவம். அதற்குப் பிறகும் ஒருவர் உட்கார்ந்திருந்தால், இறந்துபோன நண்பரை எப்படியாவது இன்னொரு படத்தில் நடிக்கவைத்துவிட வேண்டும் என்று துடிக்கும் ஒரு மனிதரின் பிடிவாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். 1994இல் டிம் பர்ட்டன் எட் வுட்டைப் பற்றி எடுத்த படம் அந்தப் பிடிவாதத்தையே தன் பொருளாகக் கொண்டது. ஆயினும் ‘பிளான் 9’ நல்ல படம் என்று நான் வாதாடப்போவதில்லை. அதைக் காணும்போது ஏளனம் எழுகிறது என்பதும் உண்மை. அந்த அளவுக்கு உங்கள் குற்றச்சாட்டு சரி.

‘ஈவில் டெட்’ (1981) அப்படிப்பட்டதன்று. அதைக் காணும்போது நாம் இயக்குநரைவிட மேலான இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அவர் நினைக்கும் இடத்தில் நினைக்கும் நேரத்தில் நம்மைத் துள்ளவைக்கிறார். 1979இன் குளிர்காலத்தில் டென்னசி மாநிலத்தின் மாரிஸ்டவுன் அருகே, காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு மரவீட்டில் படப்பிடிப்பைத் தொடங்கியபோது சாம் ரைமிக்கு 20 வயது. அதற்கு முன்பே ஒரு குறும்படத்தை எடுத்து, மிச்சிகன் மாநிலத்தில் தமக்குத் தெரிந்த பல் மருத்துவர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் அதைப் போட்டுக்காட்டிச் சிறுகச் சிறுக முதலீடு சேர்த்திருந்தார். மொத்தச் செலவு நான்கு லட்சம் டாலரைத் தொடவில்லை. சில வாரங்களில் முடியவேண்டிய படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போக, நடிகர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்களுடைய கைக்கும் காலுக்கும் முதுகுக்கும் கிடைத்தவர்களை நிறுத்தி மீதியை எடுத்தார்கள். மக்காச்சோளப் பாகில் செய்த செயற்கை இரத்தம் காய்ந்து இறுகியதில், கதாநாயகன் புரூஸ் கேம்பெல்லின் சட்டை ஒருமுறை துணியாக மடியாமல் ஓடாக உடைந்துபோயிற்று என்பார்கள்.

இந்தப் படத்தில் நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது ஒரே ஒரு ஷாட் வகையை. காட்டுக்குள் இருக்கும் தீய சக்தி தரையை ஒட்டி, மரங்களுக்கிடையே புகுந்து, வீட்டை நோக்கிப் பாய்ந்து வருகிறது. அதற்கு உருவம் கிடையாது. அது பார்ப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். ஓடும்போதும் அதிராமல் படம் பிடிக்கும் ஸ்டெடிகேம் கருவி அன்று அவர்களுக்கு எட்டாத பொருள். எனவே ஒரு நீளமான மரப்பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பலகை நீளமாக இருப்பதால் ஓடுபவர்களின் குலுக்கல் நடுவுக்கு வரும்போது தணிந்துவிடும். அகலக் கோண லென்ஸ் மிச்சக் குலுக்கலை விழுங்கிவிடும். எஞ்சியிருக்கும் சிறு தள்ளாட்டம், எந்த விலங்குக்கும் எந்த மனிதனுக்கும் உரியதாக இல்லாத ஒரு நடையாகிவிடும். கையில் பணம் இருந்திருந்தால் ஒரு பூதத்தைச் செய்து நிறுத்தியிருப்பார்கள், இன்று அதைப் பார்த்து உங்கள் நண்பர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நீங்கள் அரைகுறை வேலைப்பாடு என்கிறீர்கள். இந்த ஷாட்டில் அரைகுறை எங்கே இருக்கிறது?

‘பேட் டேஸ்ட்’ (1987) இன்னும் விசித்திரமானது. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்து நாளிதழ் ஒன்றில் புகைப்பட அச்சுத்தகடு செய்யும் வேலையில் இருந்த பீட்டர் ஜாக்சன், தம் சொந்த ஊரான புகெருவா பேயில் நண்பர்களைக் கூட்டி, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே படம் பிடித்து, நான்கு ஆண்டுகளில் அதை முடித்தார். முடியும் தறுவாயில்தான் அந்நாட்டுத் திரைப்பட ஆணையத்தின் பணம் வந்தது. வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகளைத் தம் தாயாரின் சமையலறை ஓவனில் வேகவைத்து எடுத்தார். அவர் பயன்படுத்திய 16 மி.மீ. போலெக்ஸ் கேமரா சாவி கொடுத்து ஓட்டும் வகை. ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடம் ஓடி நின்றுவிடும். உடன் ஒலிப்பதிவு செய்யவும் வழியில்லாததால் எல்லா வசனமும் பின்னர் டப்பிங் செய்யப்பட்டது. ஆகவே நீண்ட ஷாட்டே சாத்தியமில்லை. துண்டு துண்டாக எடுத்து, வெட்டி வெட்டிச் சேர்த்தாக வேண்டும். படத்தின் அந்த மூச்சிரைக்கும் வேகம், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே விழும் அந்தச் சிரிப்பு, பெருமளவுக்கு அந்தச் சாவி கொடுத்த வேகம்தான். மலைமுகட்டில் ஒரு சண்டை வருகிறது. அதுவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாடி வைத்த வேற்றுக்கிரகவாசியும் தாடியில்லாத கண்ணாடிக்காரனும் கட்டிப் புரள்கிறார்களே, இருவருமே ஜாக்சன்தான். தன்னைத்தானே பாறை விளிம்பில் தொங்கவிட்டுத் தானே அடிக்கும் இந்தக் காட்சியை அவ்வளவு சுத்தமாக வெட்டிச் சேர்த்திருக்கிறார்.

அருவருப்பு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அது சுவை சார்ந்தது. அதில் நான் தலையிட மாட்டேன். வேலை தெரியாதவர் செய்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பணமின்மை ஒரு படைப்பாளிக்குத் தருவது இந்த வகைச் சாமர்த்தியத்தை மட்டுமன்று. வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லாத நிலையையும் அது தருகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தப் படங்களின் ஈர்ப்பில் பெரும்பங்கு அதற்குத்தான். ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) இதற்குச் சிறந்த சான்று. பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்குள் பணம் போட்டு, சுமார் 1,14,000 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் அது. இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. உயிர்த்தெழுந்து நடமாடும் பிணங்கள் தின்னும் சதைக்கு, முதலீட்டாளர்களில் ஒருவராக இருந்த இறைச்சிக் கடைக்காரரின் சரக்கு. ஒரு பண்ணை வீட்டுக்குள் சிக்கிக்கொண்டவர்களைக் காப்பாற்ற இரவெல்லாம் போராடும் நாயகன், டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பின நடிகர். விடிந்ததும், பிணங்களை வேட்டையாடிக்கொண்டு வரும் வெள்ளையர் கூட்டம் அவனையும் பிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. அந்தக் காலத்தில் மலிவான திகில் படங்களை வாங்கி வெளியிட்டுக்கொண்டிருந்த நிறுவனமே, முடிவை மாற்றி மகிழ்ச்சியாக ஆக்கினால் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டது, ரொமேரோ மறுத்துவிட்டார். ஜோன்ஸ் நன்றாக நடித்துக்காட்டியதால்தான் தேர்ந்தெடுத்தோம், நிறத்தை நினைத்துக் கதை எழுதவில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் முடிந்த படச்சுருளைக் காரில் வைத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டார்களாம். அதன்பின் அந்த முடிவைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பேய்க்கதையாக இருந்திருக்க முடியாது. அன்றைய பெரிய ஸ்டுடியோ எதுவும் இந்த முடிவை இப்படியே விட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விநியோகஸ்தர் படத்தின் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பும் விடுபட்டுப்போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பணம் சேரவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் நள்ளிரவுக் காட்சிகளிலும் தொலைக்காட்சிகளிலும் வீடியோ நாடாக்களிலும் அது ஓயாமல் ஓடி, ஒரு தலைமுறையின் தலைக்குள் புகுந்துகொண்டது. கல்ட் என்று நாம் சொல்லும் இந்த ரசிகர் வட்டங்கள் விளம்பரத்தால் உருவானவை அல்ல. இப்படிப் புழங்கிப் புழங்கி உருவானவை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பயமும் சிரிப்பும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும் என்பது, இரண்டையும் தனித்தனி அறைகளில் வைக்கும்போது மட்டுமே உண்மை. 1984இல் வெளிவந்த ராம்சே சகோதரர்களின் ‘புரானா மந்திர்’ என்ற இந்திப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா, ஒலி, படத்தொகுப்பு, இயக்கம் என்று துறைக்கொருவராகப் பிரித்துக்கொண்டு குடும்பத்தோடு படமெடுத்த அந்தச் சகோதரர்களின் கதையே தனியாக எழுதத் தக்கது. அந்தப் படத்தில் சாம்ரி என்னும் அரக்கன் ஒருபுறம் வருகிறான். மறுபுறம் ஜக்தீப் நடிக்கும், ‘ஷோலே’ வில்லனைக் கேலி செய்யும் ஒரு நகைச்சுவைக் கதை ஓடுகிறது. இரண்டும் கலப்பதே இல்லை. நம் பழைய படங்களில் வேறொருவர் எழுதிச் சேர்த்த நகைச்சுவைப் பகுதி போல, பயம் போய்ச் சிரிப்பு வரும், சிரிப்பு போய்ப் பயம் வரும். நீங்கள் சொல்லும் கேடு அங்கே நடக்கிறது.

ரைமி 1987இல் எடுத்த ‘ஈவில் டெட் 2’ படத்தில் நடப்பது வேறு. கதாநாயகனின் வலக்கையில் தீய சக்தி புகுந்துவிடுகிறது. அந்தக் கை, சமையலறையில் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் தலையிலேயே உடைக்கிறது. அவன் மயங்கி விழுந்ததும், தரையில் கிடக்கும் கத்தியை நோக்கி அவனை இழுத்துக்கொண்டு ஊர்கிறது. கேம்பெல் தனியாளாக நின்று, தன் கையையே தனக்கு எதிரியாக்கி நடிக்கும் இந்தக் காட்சியில், சிரிக்கவைப்பதும் நடுங்கவைப்பதும் ஒரே கைதான். காரணம் எளியது என்று நினைக்கிறேன்: இரண்டுமே நேரக் கணக்கைச் சார்ந்தவை. கதவு திறக்கப்போகிறது என்று நமக்குத் தெரிந்தபின் எவ்வளவு நேரம் திறக்காமல் வைத்திருப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நொடி பிந்தினால் திடுக்கிடுவோம், இன்னும் இரண்டு நொடி பிந்தினால் சிரித்துவிடுவோம். நம் திரையரங்குகளில் ஓர் அலறல் எழுந்தவுடனேயே சிரிப்பலை எழுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்; அலறியவர்கள்தான் சிரிக்கிறார்கள், தம்மைப் பார்த்தே சிரிக்கிறார்கள்.

வேண்டுமென்றே மட்டமாக எடுத்து, “பாருங்கள், எவ்வளவு மட்டம்” என்று கண்சிமிட்டும் அண்மைக்காலப் படங்கள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வசதியுள்ளவர்கள் போடும் ஏழை வேடம் அது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஷினிசிரோ உவேதா இயக்கிய ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ (2017) என்ற ஜப்பானியப் படத்தை. ஒரு நடிப்புப் பட்டறையின் பகுதியாக, புகழ்பெறாத நடிகர்களைக் கொண்டு, சுமார் 30 லட்சம் யென்னில் எடுக்கப்பட்டது. 2018இல் இரண்டு அரங்குகளில் தொடங்கி, வாய்வழிச் செய்தியாலேயே ஜப்பானெங்கும் பரவி 300 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது. கதை தெரியாமல் பார்க்க விரும்புபவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

படத்தின் முதல் 37 நிமிடங்கள் ஒரே ஷாட். கைவிடப்பட்ட நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஜோம்பி (நடமாடும் பிணம்) படம் எடுக்கும் குழுவை உண்மையான ஜோம்பிகள் தாக்குகின்றன. நடிப்பு சுமார், அர்த்தமில்லாத இடைவெளிகளில் ஆட்கள் வெறுமனே பேசிக்கொண்டு நிற்கிறார்கள், கேமரா ஓரிடத்தில் தரையில் விழுந்து அப்படியே கிடக்கிறது. பிறகு கதை ஒரு மாதம் பின்னோக்கிப் போய், தொலைக்காட்சியில் நேரலையாக, வெட்டே இல்லாமல் இந்தப் படத்தை எடுக்க ஒப்புக்கொண்ட ஒரு சாதாரண இயக்குநரையும் அவர் குடும்பத்தையும் காட்டுகிறது. இறுதிப் பகுதியில், நாம் பார்த்த அதே 37 நிமிடங்களின் மறுபுறத்தைப் பார்க்கிறோம். ஒரு நடிகர் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். ஒலிப்பதிவாளராக நடிப்பவருக்கு வயிற்றுப்போக்கு. நாம் மோசமான நடிப்பு என்று முகம் சுளித்த ஒவ்வோர் இடத்திலும் சட்டகத்துக்கு வெளியே ஒருவர் எதையோ விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மேலிருந்து எடுக்கவேண்டிய கடைசி ஷாட்டுக்கான கிரேன் உடைந்துபோனதால், குழுவினர் ஒருவர் முதுகின்மேல் ஒருவராக ஏறி மனிதக் கோபுரம் கட்டிக் கேமராவை உயர்த்துகிறார்கள்.

முதல் பகுதி முடியும்வரை எழுந்துவிடாதீர்கள். முடிந்தால் தனியாகப் பார்க்காமல், உங்கள் அலுவலக இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு பாருங்கள். முதல் பாதியில் அவர்கள் எந்தெந்த இடங்களில் கேலி செய்தார்கள் என்பதைக் கவனித்து வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் அதே இடங்கள் வரும்போது அவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.