ஃப்ரேசல் வெர்ப் பட்டியலை மகளிடமிருந்து வாங்கி வையுங்கள்

மகள் 500 ஃப்ரேசல் வெர்ப்களை, அதாவது ஆங்கிலத்தில் வினையோடு அப், ஆஃப் போன்ற குட்டிச் சொல் சேர்ந்து வரும் தொடர்களை, அகர வரிசையில் ஒப்பிக்கிறாள், மறுவாரமே பாதி மறந்துவிடுகிறது, நேர்காணல் நெருங்குகிறது என்று வருந்தியிருந்தீர்கள். மறப்பது அவள் தப்பு இல்லை. 'கெட் அப்', 'கெட் ஆஃப்', 'கெட் ஓவர்' என்று எல்லாம் ஒரே ஜாடையில் வரிசையாக வந்தால் யாருக்குத்தான் குழம்பாது?

உண்மையில் இந்த வித்தை அவளுக்குப் பழக்கமானதுதான். 'கண்டுபிடி' என்கிறோம், எதையும் கையால் பிடிப்பதில்லை. 'ஃபைண்ட் அவுட்' அப்படிப்பட்டது. 'கிவ் அப்' என்றால் கைவிடு. தமிழில் இரண்டு சொல் ஒட்டிப் புதுப்பொருள் தருவதுபோல், ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் வரும் அப், ஆஃப், அவுட் பொருளையே மாற்றிவிடுகின்றன.

பாடப்புத்தகத்தில் அவள் படித்தது 'போஸ்ட்போன்', 'கேன்சல்'. பேச்சில் காதில் விழுவது 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்'. முதலாவது தள்ளிவைப்பது, இரண்டாவது ரத்து செய்வது. நேர்காணலைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பதை ரத்து என்று புரிந்துகொண்டால், புதுத் தேதியன்று வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

பயிற்சிக்காக நடத்திய மாதிரி நேர்காணல் ஒன்றில் 'வாக் அஸ் த்ரூ யுவர் ப்ராஜெக்ட்' என்றேன். நன்றாகப் படிக்கிற பையன், சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். ப்ராஜெக்டைப் படிப்படியாக விளக்கு என்றுதான் கேட்டிருந்தேன்.

அதனால் பட்டியலை வாங்கி வைத்துவிட்டு, வேலை இடத்தில் புழங்குகிற இருபதோடு தொடங்கச் சொல்லுங்கள்: படிவம் நிரப்ப 'ஃபில் இன்', விசாரித்துப் பார்க்க 'லுக் இன்டு', பொறுப்பை ஒப்படைக்க 'ஹேண்ட் ஓவர்', பொறுப்பை ஏற்க 'டேக் ஓவர்'. ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக எழுதட்டும், அதில் 'இட்' வரும்படி ஒன்று கட்டாயம். ஏனென்றால் வேலை வாய்ப்பை மறுப்பதை 'டர்ன் டவுன் தி ஆஃபர்' என்றும் சொல்லலாம், 'டர்ன் தி ஆஃபர் டவுன்' என்றும் சொல்லலாம். 'இட்' வந்தால் மட்டும் அது நடுவில்தான் உட்காரும், 'டர்ன் இட் டவுன்'. 'லுக் இன்டு' அப்படிப் பிரியாது, 'லுக் இன்டு இட்' தான். இதை விதியாகப் படிப்பதைவிட வாய்விட்டு நாலு தடவை சொன்னால் காது பழகிவிடும்.

பேசும்போது வலிந்து திணிக்க வேண்டாம். கேட்டால் புரிய வேண்டும், இப்போதைக்கு அது போதும். 'போஸ்ட்போன்' என்றே அவள் சொன்னாலும் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

அப்புறம், உங்களுக்கும் ஒன்று. நேர்காணல் முடிவில் 'வி வில் கெட் பேக் டு யூ' என்பார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றும் இல்லை, போய்விட்டது என்றும் இல்லை. பிறகு தகவல் சொல்கிறோம், அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்ததும் அவளைத் துருவாதீர்கள்.