போலீஸ் நம்மிடம் நடந்துகொள்ளும் விதத்தை எப்படி ஆய்வு செய்வது? கேள்வி பதில்

சேலத்திலும் ஏற்காட்டு மலைப்பாதையிலும் வாகனச் சோதனை நடக்கும் இடங்களில் நின்று குறிப்பெடுத்தவள் நான். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, மக்களிடம் சர்வே எடுத்தாலே போதாதா? (ஓமலூர், சமூகவியல் மாணவி)

போதாதும்மா. சர்வேயில் வருவது மனதில் தங்கிய கோபமோ நன்றியோதான். நடந்தது வேறாக இருக்கலாம். அமெரிக்காவில் 1966-இல் ஆல்பர்ட் ரைஸ் என்ற சமூகவியலாளர் பாஸ்டன், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் 36 பேரை போலீசாருடனே ரோந்துக்கு அனுப்பினார். ஒவ்வொரு சம்பவம் முடிந்ததும் ஒரே மாதிரியான படிவத்தை நிரப்ப வேண்டும். யார் கூப்பிட்டு போலீஸ் வந்தது, முதலில் யார் பேசியது, எப்படி முடிந்தது என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களைப் பதிந்தார்கள். பெரும்பாலானவை அடிதடியே இல்லாத சாதாரணச் சம்பவங்கள். அந்தச் சாதாரணத்தைத்தான் நாம் எண்ண வேண்டும்.

பக்கத்துல ஆள் நின்னு எழுதினா போலீஸ் நல்லவங்களாத்தானே நடந்துக்குவாங்க? (அம்மாப்பேட்டை, தறித் தொழிலாளி)

முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும் அண்ணா. அப்புறம் நாம் நிற்பதே மறந்துவிடும், வேலை அவர்களை இழுத்துக்கொள்ளும். ரைஸின் ஆட்கள் கூடவே இருந்தும் 37 சம்பவங்களில் போலீஸ் தேவையில்லாமல் கை வைத்ததைப் பதிந்தார்கள். அடிபட்டவர்கள் 44 பேர்.

சரி, எதை எழுதணும்? (அதே மாணவி)

'மரியாதையாகப் பேசினார்' என்று எழுதாதே. அது உன் தீர்ப்பு. காதில் விழுந்த சொல்லை எழுது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையேறும் பாதையில் ஒரு சோதனை. நல்ல பனிமூட்டம். வெளியூர்க் கார் ஒன்று நின்றது. "சார், ஆர்.சி. காட்டுங்க" என்றார் காவலர். அடுத்து வந்தது மூட்டை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல், ஓட்டி வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். "ஏய், ஓரங்கட்டு" என்றபடியே காவலரின் கை சாவிக்குப் போய்விட்டது. பெரியவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. சாவியைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு "போ" என்றார். என் படிவத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: 'விளித்தது: ஏய். சாவி: ஓட்டியவர் பேசும் முன் எடுத்தார். காரணம்: சொல்லவில்லை. நேரம்: 4 நிமிடம்.'

இந்த ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் யாருக்கு 'நீ', யாருக்கு 'நீங்க' என்பது தெரியும். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், 981 வாகனச் சோதனைகளில் போலீசின் உடல் கேமராவில் பதிவான பேச்சைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தார்கள். கறுப்பின ஓட்டுநர்களிடம் பேசிய பேச்சில், வெள்ளையரிடம் காட்டிய மரியாதை இல்லை. அங்கே பல சொற்களைக் கூட்டிப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது. நமக்குத் தமிழ் ஒரே சொல்லில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நாள் முழுக்க வெயில்ல நிக்கிற எங்க பக்கத்தையும் எழுதுவீங்களா மேடம்? (சேலம், காவலர்)

கட்டாயம் எழுத வேண்டும் சார். யார் முதலில் குரலை உயர்த்தியது, ஓட்டியவர் குடித்திருந்தாரா, நீங்கள் எத்தனை மணி நேரமாக நிற்கிறீர்கள், எல்லாமே படிவத்தில் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2009, 2010-இல் குடிபோதைச் சோதனை நடந்த 60 இடங்களில் பாதியில், காரணத்தைச் சொல்லி, எதிராளியைப் பேசவிட்டு, நன்றி சொல்லி முடிக்கும்படி போலீசாருக்குக் குறிப்பு கொடுத்தார்கள். அங்கே நிறுத்தப்பட்டவர்களுக்கு போலீஸ் மேல் நல்ல எண்ணம் கூடியிருந்தது. அதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், உங்களுக்கும் தலைவலி குறையும்.

செல்போன் வீடியோவே போதுமே? (அழகாபுரம்)

ஒரு வழக்குக்குச் சாட்சியாக அது மிக முக்கியம். ஆய்வுக்குப் போதாது, ஏனென்றால் சண்டை தொடங்கிய பிறகுதான் போனை எடுக்கிறோம்.

காலேஜ் ஆய்வுக்கு யார்கிட்ட அனுமதி கேட்கணும்?

மாநகருக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம், ஏற்காடு பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி. அலுவலகம். எழுத்தில் வாங்குங்கள். காவலர் பெயரையோ வண்டி எண்ணையோ எழுதாதீர்கள். இரண்டு பேராகப் போய்த் தனித்தனியாக நிரப்பி, மாலையில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் 'ஏய்' என்றும் இன்னொருவர் 'ஏங்க' என்றும் எழுதியிருந்தால் அந்தப் படிவத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.