முதலில் கண் மருத்துவர், பிறகு கல்லூரி

சென்ற வாரம் ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகனுடன் வந்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன். சாயங்காலம் ஆனால் ரயில்பாதை ஓரம் போய் நின்று கூட்ஸ் வண்டிகளை எண்ணுகிறான், நோட்டில் எழுதுகிறான். "என் தம்பி சொல்கிற கல்லூரியில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுவானா, சார்?" என்று கேட்டார். தம்பி சொல்வது ஒரு சுயநிதிக் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியல், அதுவும் நிர்வாக ஒதுக்கீட்டில். நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார்கள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் தொடங்கினேன். அதற்குள் பையன் குறுக்கிட்டான்: "ஐம்பதாவது பெட்டியில் இணைப்பு விட்டுப்போனால் எஞ்சினில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?"

அம்மா, இது சரியாக்க வேண்டிய பிள்ளை கேட்கும் கேள்வி அல்ல. வண்டி நெடுக ஒரு காற்றுக்குழாய் ஓடுகிறது. அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும். இணைப்பு விட்டால் குழாய் பிரிந்து காற்று வெளியேறும், அழுத்தம் விழும், பிரேக் தானாகவே பிடிக்கும். எஞ்சினில் உள்ள மானியின் முள் அதைக் காட்டிக்கொடுக்கும். யாரும் சொல்லித்தராமல் அந்தக் கேள்வி வரை தானே போய்ச் சேர்ந்திருக்கிறான் உங்கள் மகன்.

இனி நகையைப் பற்றிப் பேசுவோம். உங்கள் மகனின் மனம் ரயில் எஞ்சினில் இருக்கிறது. ரயில் ஓட்டுபவரை லோகோ பைலட் என்கிறார்கள்; அதில் முதல் படி உதவி லோகோ பைலட். அந்தப் பணிக்கு ரயில்வே தேர்வு வாரியம் கேட்பது பத்தாம் வகுப்புடன் குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளில் ஐடிஐ சான்றிதழ்; அல்லது மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் பிரிவுகளில் டிப்ளமோ. இதே பிரிவுகளில் பட்டம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். செயற்கை நுண்ணறிவு அந்தப் பட்டியலில் இல்லை. கடன் வாங்கி, நான்கு வருடம் செலவழித்து, பிள்ளை விரும்பும் கதவையே நீங்கள் மூடப்போகிறீர்கள். இதற்கு என்னால் சம்மதம் சொல்ல முடியாது.

அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர் இரண்டு வருடம். பயிற்சிக் கட்டணம் இல்லை. தமிழக அரசு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறது. முடித்தபின் விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். "ரயில்வே வேலை உறுதி" என்று விளம்பரம் செய்யும் தனியார் படிப்புகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலைக்குப் பணம் கேட்பவன் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரன்தான்.

ஆனால் ஐடிஐக்கு விண்ணப்பிப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: கண். உதவி லோகோ பைலட்டுக்கு ஏ-1 மருத்துவத் தகுதி வேண்டும். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், இரவுப் பார்வை என எல்லாம் சோதிப்பார்கள். பார்வையைச் சரிசெய்ய லேசிக் என்னும் லேசர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை எடுப்பதில்லை. தேர்வுகள் எல்லாவற்றிலும் வென்று, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் நிறம் தெரியாமல் திரும்பிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துயரத்தை இன்றே ஒரு பரிசோதனையில் தவிர்க்கலாம். கண் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதே ஐடிஐயை வைத்துக் கண்ணாடி அணிந்தே செய்யக்கூடிய ரயில்வே டெக்னீஷியன் பணிகள் உண்டு.

உங்கள் தம்பி "டிரைவர் வேலைக்கா?" என்று கேட்டாராம். அந்த வேலை என்ன என்று அவருக்கும் சொல்லுங்கள். பணிக்கு வருபவர் லாபி எனப்படும் வருகைப்பதிவு அலுவலகத்தில், மது அருந்தவில்லை என்று காட்டும் மூச்சுப் பரிசோதனை செய்து கையெழுத்திட்ட பிறகே எஞ்சினில் ஏறுகிறார். நிலக்கரி வண்டியென்றால் பின்னால் ஐம்பத்தெட்டு பெட்டிகள், ஏறக்குறைய 650 மீட்டர் நீளம். ஒவ்வொரு சிக்னல் தெரியும்போதும் லோகோ பைலட்டும் உதவியாளரும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். இரவு மூன்று மணிக்கும் அப்படித்தான். கொஞ்ச நேரம் எந்தக் கருவியையும் தொடாமல் இருந்தால் எஞ்சினே விளக்கெரித்து, ஒலி எழுப்பி எச்சரிக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் போட்டுவிடும். நடுவழியில் வண்டி நின்றால் உதவியாளர் டார்ச்சுடன் இறங்கிப் பெட்டி பெட்டியாகப் பார்த்து நடக்கிறார். வண்டியின் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் தனியாக அமர்ந்து வருபவர் ட்ரெயின் மேனேஜர். 2022 வரை அவரை கார்டு என்றோம்.

கஷ்டத்தை மறைக்க மாட்டேன். அழைப்பு எந்த நேரமும் வரும். வெளியூரில் ரன்னிங் ரூம் எனப்படும் ஊழியர் ஓய்வறையில் தூங்கி, அடுத்த வண்டியோடு திரும்ப வேண்டும். தீபாவளி அன்று வீட்டில் இருப்பது நிச்சயமில்லை. தண்டவாளத்தில் யாராவது குறுக்கே வந்தால் அத்தனை எடையை உடனே நிறுத்த முடியாது. அந்தக் காட்சியோடு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். முகம் வாடவில்லை. "ரன்னிங் ரூமில் எத்தனை மணி நேரம் தூங்கலாம்?" என்று மட்டும் கேட்டான்.

தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படி, ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ற படி. சரக்கு ரயில் லோகோ பைலட் ஆகும்போது அடிப்படை 35,400 ரூபாயில் தொடங்கும். 2018க்குப் பிறகு 2024 வரை இந்தப் பணிக்கு அறிவிப்பே வரவில்லை. பிறகு 2024இல் 18,799 இடங்கள், 2025இல் 9,970 இடங்கள். எனவே அறிவிப்புக்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது. கையில் எலக்ட்ரீஷியன் தொழில் இருந்தால் காத்திருக்கும் வருடங்களிலும் அவன் சம்பாதிப்பான்.

இந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். நிறப்பார்வைச் சோதனையும் வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள். அறிக்கையோடு வரும்போது உங்கள் தம்பியையும் அழைத்து வாருங்கள், பையனின் நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.