ஏழாவது வாரத்தில் கருவுக்கு ரத்தம் எங்கே ஊறுகிறது?

கேள்வி: எனக்கு ஏழாவது வாரம். ஹீமோகுளோபின் 9.8. என் ரத்தம்தானே குழந்தைக்கும் ஓடுகிறது? அதற்கு ரத்தமும் எதிர்ப்புச் சக்தியும் குறைந்துபோகுமா? தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க இப்போதே பணம் கட்டச் சொல்லி ஓர் ஏஜென்ட் வீட்டுக்கே வருகிறார்.
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் ரத்தம் குழந்தையின் உடம்பில் ஓடவில்லை, அம்மா. நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜனும் சத்தும் போகின்றன. ரத்தத்தைக் கரு தானே உண்டாக்கிக்கொள்கிறது.

ஏழு வாரம் என்பது கடைசி மாதவிடாயிலிருந்து போடும் கணக்கு. கருவின் வயது சுமார் ஐந்து வாரம். இந்த வயதுக் கணக்கில் மூன்றாவது வாரத்திலேயே, ஸ்கேனில் 'யோக் சாக்' என்று எழுதுகிறார்களே, அந்தப் பையில் முதல் சிவப்பணுக்கள் தோன்றிவிட்டன. கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் அணுக்களும் அங்கேதான் தொடங்குகின்றன. நான்காவது வாரம் முடியும்போது, கருவின் பெரிய தமனியின் உட்சுவரிலிருந்து ரத்த ஸ்டெம் செல்கள் முளைக்கின்றன. ஆயுள் முழுக்க ரத்தமும் எதிர்ப்பு அணுக்களும் தரப்போவது இவைதான். உங்கள் குழந்தைக்கு இப்போது அவை கல்லீரலுக்குக் குடிபெயரும் நேரம். எலும்பு மஜ்ஜையின் முறை பிறகுதான் வரும்.

9.8 என்பது சோகைதான். 11-க்குக் குறையக் கூடாது. டாக்டர் தரும் இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள், உடம்பில் சேராது.

ஏஜென்டிடம் கையெழுத்துப் போடாதீர்கள். கொடி ரத்தத்திலும் ரத்த ஸ்டெம் செல்கள் இருப்பதால், 'குழந்தையின் உயிர்க்காப்பீடு' என்பார். பரம்பரை ரத்தநோய் வந்தால், அதே கோளாறு சேமித்த ரத்தத்திலும் இருக்கும். அந்தக் குழந்தைக்கே அது உதவாது. நிறைய சேகரிக்க வேண்டுமென்று கொடியைச் சீக்கிரம் வெட்டினால் நஷ்டம் குழந்தைக்கு. ஒரு நிமிடமாவது காத்திருந்து வெட்டினால் அந்த ரத்தத்தின் இரும்பு சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். ஓ.பி.யில் இரண்டு நிமிடம் உட்காரவைத்து இதைச் சொல்ல ஆளில்லை. அந்த இடத்தில்தான் ஏஜென்ட் நுழைகிறார்.

ஒரே விதிவிலக்கு: மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற பரம்பரை ரத்தநோய் இருந்தால் சேமிப்பதில் அர்த்தம் உண்டு. அப்போதும் பிறக்கும் குழந்தைக்கு அந்த நோய் இருக்கக் கூடாது; இருவருக்கும் எச்எல்ஏ, அதாவது அணுக்களின் மேலிருக்கும் அடையாளக் குறிகள், பொருந்தவும் வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் அது பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். ஒரு கொடியில் கிடைக்கும் ரத்தம் பெரிய பிள்ளைக்குப் போதாமலும் போகலாம். ஆகவே முடிவெடுக்க வேண்டியவர் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் ரத்தநோய் மருத்துவர்தான், ஏஜென்ட் அல்ல.

உங்கள் சோகைக்கே தலசீமியா மரபணு காரணமாக இருக்கலாம். எச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே கேளுங்கள். உங்களுக்கு இருந்தால் கணவருக்கும் எடுக்க வேண்டும். இருவருக்கும் இருந்தால் கருவைப் பரிசோதிக்கும் காலம், மாதவிடாய்க் கணக்கில், 11-வது வாரத்திலேயே தொடங்கிவிடும்.