தாய்ப்பால் மட்டுமே குடித்துப் பழகிய நாலு மாதக் குழந்தை புட்டியைத் தொடவே மாட்டேன் என்கிறது. அடுத்த மாதம் வேலைக்குப் போக வேண்டும். என்ன செய்வது?

ஒரு மாதம் கையில் இருந்தால் போதும், பயப்படாதீர்கள். எனக்கு இருந்தது 16 நாள்தான்.

என் மகளுக்கு இப்போது நாலு வயது. நான் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 26 வாரம் மகப்பேறு விடுப்பு என்றதும் எல்லோரும் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை வீட்டில் இருக்கலாம் என்றுதான் நினைக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்னால் எடுக்கிற வாரங்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். எனக்குக் கால் வீங்கி ரத்த அழுத்தமும் ஏறியதால் 7 வாரம் முன்னாலேயே போய்விட்டது. மிச்சம் 19 வாரம். ஆபீசுக்குத் திரும்ப வேண்டிய நாளில் அவளுக்கு நாலரை மாதம்கூட முழுசாக ஆகவில்லை. திட உணவு ஆரம்பிக்காத வயசு என்பதால், பகலில் பால் உள்ளே போயே ஆக வேண்டும்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். "பசிச்சா தானா குடிச்சிடும், நீ கொடுக்காம இரு" என்று வீட்டிலும் பக்கத்திலும் சொன்னார்கள். நம்பி ஒரு நாள் காலை பத்து மணியிலிருந்து நெஞ்சில் போடாமல் இருந்தேன். இரண்டு மணி வரை அழுதாள். தொண்டை கட்டிப்போய், சத்தம் வராமல் விம்மி, குடிக்காமலே தூங்கிப்போனாள். மறுநாளிலிருந்து புட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டினி போட்டுப் பழக்கியதில் அவள் கற்றுக்கொண்டது புட்டி என்றால் பயம் என்பதை மட்டும்தான். அதைச் சரி செய்யவே எனக்கு ஒரு வாரம் போனது. அந்த நாலு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. குழந்தை வயிறு காய்ந்து பசித்திருக்கும்போது புதுசாக எதையும் பழகாது. லேசாகப் பசி எட்டிப் பார்க்கிற நேரம், நன்றாகத் தூங்கி எழுந்து சிரித்துக்கொண்டிருக்கிற நேரம், அதுதான் சரியான நேரம்.

இரண்டாவது விஷயம், யாரும் எனக்குச் சொல்லாதது. பாலை ருசி பாருங்கள்.

முந்தின நாள் ராத்திரி பம்ப்பில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்த பாலைத்தான் நான் தினமும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வெறுத்துப்போய், "அத்தை, இதை ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்களேன்" என்று என் மாமியாரிடம் நீட்டினேன். உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏம்மா, சவுக்காரத் தண்ணி மாதிரில்ல இருக்கு! இதையா புள்ளைக்குக் குடுக்குற?" என்றார். உடனே கொஞ்சம் புதுசாக எடுத்துக் கொடுத்தேன். அது லேசான இனிப்போடு இருந்தது. பால் கெட்டுப்போகவில்லை. தாய்ப்பாலில் லைப்பேஸ் என்றொரு நொதி இருக்கிறது. எடுத்து வைத்த பிறகும் அது கொழுப்பை உடைத்துக்கொண்டே இருக்கும். சில பெண்களுடைய பாலில் இந்த மாற்றம் சீக்கிரம் தெரியும், சோப்பு வாடை வந்துவிடும். குடித்தால் கெடுதல் இல்லை. சில குழந்தைகள் கவலைப்படாமல் குடிக்கும், சிலது துப்பிவிடும். என் பெண் துப்புகிற ரகம். புட்டியைத்தான் அவள் வேண்டாம் என்கிறாள் என்று நான் அத்தனை நாளும் நினைத்திருக்கிறேன்.

இதற்கு வழி இருக்கிறது. பழகும் நாட்களில் அப்போதே எடுத்த பாலை, உடம்புச் சூடு ஆறுவதற்குள் கொடுங்கள். சேமிக்க வேண்டிய பாலை, எடுத்தவுடனே ஒரு சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் பொடிக் குமிழ் கிளம்பும்வரை மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்த வாடை வராது. வாடை வந்த பிறகு காய்ச்சிப் பிரயோஜனம் இல்லை. இப்படிச் சுட வைத்தால் பாலில் இருக்கிற எதிர்ப்பு சக்தி கொஞ்சம் குறையும், அதனால் பாலில் வாடை தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது, யார் கொடுப்பது. நீங்கள் கொடுக்காதீர்கள். உங்கள் மடியில், உங்கள் வாசனையில் இருக்கும் குழந்தை, அசல் பக்கத்தில் இருக்கும்போது ரப்பரை ஏன் வாயில் வாங்க வேண்டும்? பக்கத்து அறையில் இருந்தால்கூட எங்கள் வீட்டில் நடக்கவில்லை. என்னைக் கீழ் வீட்டு அக்காவிடம் அனுப்பிவிட்டு என் கணவர் முயற்சி செய்தார். மேலே அவள் சிணுங்கும் சத்தம் கேட்டதுமே எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. மாடிப்படி ஏறப் போனவளை அந்த அக்காதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

என் கணவர் செய்தது இதுதான். நான் பால் கொடுக்கும்போது படுக்க வைக்கிற மாதிரி படுக்க வைக்கவில்லை. அவள் முதுகு தன் நெஞ்சில் படும்படி, வெளியே பார்த்தபடி உட்கார வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் நடந்தார். எதிர் வீட்டு வேப்பமரத்தில் காக்கா உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் நிப்பிளை மேல் உதட்டில் சும்மா தொட்டு வைத்தார், உள்ளே தள்ளவில்லை. முதலில் நாக்கால் தள்ளினாள், அப்புறம் ஈறால் கடித்தாள். கடித்ததில் ஒரு சொட்டு வந்தது. இந்த முறை சோப்பு வாடை இல்லாத பால். நாலைந்து வாய் உறிஞ்சிவிட்டு நிறுத்தினாள். அவரும் அதோடு நிறுத்திவிட்டார். முதல் நாள் 20 மில்லிகூட இல்லை. அழவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. முரண்டு பிடித்தால் பத்து நிமிஷத்துக்கு மேல் முயலக் கூடாது என்று நாங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். அழ ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு, சமாதானம் செய்து, நான் வந்து பால் கொடுத்துவிடுவேன்.

குடிக்க ஆரம்பித்த பிறகும் புட்டியைக் கவிழ்த்துப் பிடிக்காதீர்கள். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, புட்டியைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பிடித்தால் உறிஞ்சினால்தான் பால் வரும், புரையேறாது. நடுநடுவே புட்டியைத் தாழ்த்தி மூச்சு விட நேரம் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்குக் கால் மணி நேரம், இருபது நிமிஷம் ஆகட்டும். சட்டென்று கொட்டுகிற புட்டிக்குப் பழகினால், மெதுவாக வருகிற தாய்ப்பாலைக் குழந்தை வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு உண்டு. நிப்பிளும் மிக மெதுவாக வருகிற வகையே போதும். நான் நாலு வகை வாங்கிக் காசைக் கரியாக்கினேன். கடைசியில் குடித்தது முதலில் வாங்கியதில்தான்.

நிப்பிளில் தேனோ சர்க்கரையோ தடவச் சொல்வார்கள். ஒரு வயது வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது, குழந்தைக்கு பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். மூக்கைப் பிடித்து ஊற்றுவதும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் புட்டி வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) இருக்கிறது, சங்கு இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே பாலாடையில்தான் கொடுக்கிறார்கள். கழுவவும் சுலபம், இண்டு இடுக்கில் பால் தேங்காது. நிமிர்த்தி வைத்து, கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. அத்தைக்குக் கை பழகிய விஷயம் என்பதால், முதல் வாரம் எங்கள் வீட்டில் பாதி சங்கிலும் பாதி புட்டியிலும்தான் ஓடியது.

எவ்வளவு எடுத்து வைப்பது என்று கேட்பீர்கள். இந்த வயதில் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி போகும். ஒன்பது மணி நேரம் நீங்கள் இல்லையென்றால், ஒரு வேளைக்கு 80-லிருந்து 100 மில்லி வரை என்று மூன்று வேளைக்கு இருந்தால் போதும். அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம் என்பது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்குச் சொன்னது. நம் ஊர் வெயிலுக்கு எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் நல்லது, நாலு நாள் வரை இருக்கும். கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள், மைக்ரோவேவ் வேண்டாம்.

ஆபீசில் பம்ப் பண்ண இடம் கேட்டு வாங்குங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்க இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது சட்டம். எனக்கு அது தெரியாமல் முதல் மாதம் சாமான் அறையில் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

நான் வேலைக்குப் போன முதல் நாள் அவள் பகல் முழுக்கக் குடித்தது 60 மில்லி. நாலாம் நாள் 190. பகலில் விட்டதை ராத்திரி ஐந்து முறை எழுந்து என்னிடம் குடித்துத் தீர்த்துக்கொண்டாள். பல குழந்தைகள் இப்படித்தான் செய்யும், பயம் வேண்டாம். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

நீங்கள் இன்று ராத்திரியே ஒரு 50 மில்லி எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாளைக்குக் காலையில் குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு சொட்டு ருசி பாருங்கள்.