கதவைத் திறந்தால் லேசர் நிற்கும், கரன்ட் நிற்காது

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஒரு ஷீட் மெட்டல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். தினமும் கோவையிலிருந்து வாளையார் தாண்டிப் போய் வருகிறேன். எங்களிடம் இருப்பது பழைய டிசி வகை சிஓ2 லேசர் கட்டிங் மெஷின். பவர் சப்ளை கேபினட்டில் கை வைக்குமுன் எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கி, மெஷின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறேன். கதவில், திறந்ததும் லேசரை நிறுத்தும் இன்டர்லாக்கும் உண்டு. அப்புறம் மெயின் சுவிட்சுக்குப் பூட்டு எதற்கு என்கிறார் சூப்பர்வைசர். சொல்லுங்கள், இது போதுமா?

பதில்: போதாது. நீங்கள் சொன்ன மூன்றுமே கன்ட்ரோல் சர்க்யூட்டைச் சேர்ந்தவை. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டாலோ, யாராவது இன்டர்லாக் வேலை செய்யாதபடி ஒயரால் ஜம்பர் போட்டு வைத்திருந்தாலோ அவ்வளவுதான். மூன்றும் ஒழுங்காக வேலை செய்தாலும் கேபினட்டுக்குள் வரும் மெயின் லைனில் கரன்ட் இருந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989-இல் கொண்டுவந்த விதி 1910.147, புஷ் பட்டன் மாதிரியான கன்ட்ரோல் உறுப்புகளை மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமாக ஏற்பதே இல்லை. நம் ஊர்ச் சட்டம் இல்லைதான், ஆனால் காரணம் இங்கும் அதேதான். சூப்பர்வைசரிடம் காட்டுங்கள்.

மெஷினுக்கு வரும் மெயின் ஐசோலேட்டரை (லைனையே துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். ஒரே சாவி, அது உங்களிடம் மட்டும். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. கன்ட்ரோலருக்கு யூபிஎஸ் தனியாக இருந்தால் அதையும் மறக்காதீர்கள். பூட்டில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, அதில் பெயரையும் வேலையையும் தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் எழுதுங்கள். நைட் ஷிப்டுக்கு வருபவர் எந்த மொழி படிப்பார் என்று சொல்ல முடியாது. ஷிப்ட் மாறும்போது அவர் தன் பூட்டைப் போட்ட பிறகே உங்கள் பூட்டு கழல வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டருக்குத்தான். லேசர் என்றால் எல்லோரும் கண்ணை நினைக்கிறார்கள். ஆனால் லேசர் கருவிகளால் உயிர் போன விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மின்சாரம். ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 20,000 வோல்ட்டில் 200 ஜூல் பிடித்து வைத்திருக்கும். டிஃபிப்ரிலேட்டர் நெஞ்சில் கொடுக்கும் ஷாக் அந்த அளவுதான். மெயினை அணைத்தாலும் இது போகாது. அந்தச் சார்ஜை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர் எரிந்து அறுந்திருந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயனில்லை. மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, எர்த்தோடு இணைத்த எர்த் ராடால் முதலில் ரெசிஸ்டர் வழியாகவும் பிறகு நேரடியாகவும் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். காலியான கெப்பாசிட்டரிலும் சிறிது நேரத்தில் வோல்டேஜ் தானாக ஏறும். அதனால் அதன் இரு முனைகளையும் ஷார்ட் ஒயரால் இணைத்து வைத்து, வேலை முடியும்வரை கழற்றாதீர்கள்.

அளக்கச் சாதாரண மல்டிமீட்டர் வேண்டாம், பல ஆயிரம் வோல்ட்டில் அது கையிலேயே வெடிக்கலாம். ஹை வோல்டேஜ் புரோப் வாங்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் இருப்பது உறுதியாகத் தெரிந்த சப்ளையில் வைத்துப் பார்த்து, பிறகு இங்கே பார்த்து, மறுபடி அதே சப்ளையில் பாருங்கள். நடுவில் மீட்டரே பழுதாகியிருந்தால் அப்போதுதான் தெரியும்.

நைட்ரஜன், ஆக்சிஜன், ஏர் லைன் மூன்றையும் மூடி, உள்ளே நிற்கும் பிரஷரை வெளியேற்றுங்கள். கட்டிங் ஹெட் கீழே இறங்காதபடி முட்டுக் கொடுங்கள்.

லேசர் கதிரின் பாதையைச் சரிசெய்யும் பீம் அலைன்மென்ட்டுக்கு மட்டும் பவர் ஓட வேண்டியிருக்கும், பூட்டு அங்கே உதவாது. பவரைக் குறைத்து, இந்த லேசரின் அலைநீளமான 10,600 நானோமீட்டருக்கான பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, பயிற்சி பெற்றவர் மட்டும் செய்யட்டும். நாளை ஃபைபர் லேசர் வாங்கினால் இந்தக் கண்ணாடியை அதற்குப் போட வேண்டாம். அதன் 1,070 நானோமீட்டர் ஒளி இதைத் தாண்டி விழித்திரை வரை போய்விடும்.