திருகோணமலையில் விண்வெளி முகாம்: எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது?

வாசகர் கேள்வி: உப்புவெளியில் சிறிய கல்வி நிலையம் ஒன்று நடத்துகிறோம். ஆகஸ்ட் விடுமுறையில் தரம் 6 முதல் 9 வரையான 30 பிள்ளைகளுக்கு ஐந்து நாள் விண்வெளி முகாம் நடத்த விருப்பம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கொஞ்சப் பணம் அனுப்பியிருக்கிறார். அதில் தொலைநோக்கி வாங்கலாமா? கொழும்பிலிருந்து விரிவுரையாளர்களை அழைக்கலாமா? ரொக்கெட் விடுவதற்கு அனுமதி எடுக்க வேண்டுமா?

பதில்: தொலைநோக்கி இந்த வருடம் வேண்டாம். 30 பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தாலே அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் சந்திரன் கண்ணாடி வட்டத்தை விட்டுப் பல தடவை நகர்ந்துவிடும். மலிவான தொலைநோக்கிகளின் முக்காலி வேறு கடற்கரைக் காற்றுக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும். அதே பணத்தில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 50 மில்லிமீற்றர்) இரண்டு வாங்கினால் சந்திரனின் பள்ளங்களைப் பார்க்கலாம், பால்வீதியைத் துழாவலாம், முகாம் முடிந்த பிறகும் பயன்படும். விரிவுரையாளர் விஷயத்திலும் என் கருத்து இதுதான்: ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசினால் போதும். மற்ற நாட்களில் பிள்ளைகளின் கைதான் வேலை செய்ய வேண்டும்.

மிச்சப் பணத்தைப் பொருட்களில் போடுங்கள். எந்தச் செயற்பாடாக இருந்தாலும் ஒவ்வொரு குழுவும் மூன்று தடவையாவது செய்து பார்க்கும் அளவுக்கு வாங்குங்கள். முதல் தடவை எல்லோரும் கத்திக் கும்மாளம் போடுவார்கள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் "அவங்கடை ஏன் எங்கடையை விட உயரப் போனது?" என்ற கேள்வி வரும். அது வரும் நேரத்தில் போத்தல் தீர்ந்திருக்கக் கூடாது. ஐந்து நாளில் இருபது செயற்பாடு காட்டும் முகாம்கள் கண்காட்சியாக முடிகின்றன. நான்கு செயற்பாடு போதும்.

திகதியை முதலில் முடிவுசெய்யுங்கள். விடுமுறை நாள் என்பதால் பலர் இரவு நிகழ்ச்சியைப் போயா தினத்தில் வைக்கிறார்கள். வானம் பார்க்க அதைவிட மோசமான நாள் இல்லை. பூரணையன்று சூரிய ஒளி சந்திரனில் நேராக விழுவதால் நிழலே இருக்காது; பள்ளமும் மேடும் தட்டையாகத் தெரியும். அந்த வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்களும் காணாமல் போகும். கலண்டரில் வளர்பிறைச் சப்தமி, அட்டமி எப்போது வருகிறது என்று பாருங்கள். அரைச் சந்திரன் பொழுது படும்போதே வானில் நல்ல உயரத்தில் நிற்கும். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டோரம் பைனாகுலரைப் பிடித்தால் பள்ளங்கள் நிழலோடு எழுந்து தெரியும். அந்த இரவை முகாமின் நடுவில் வைத்துக்கொண்டு மற்ற நாட்களை ஒழுங்குபடுத்துங்கள். ஆகஸ்டில் திருகோணமலையில் பெரும்பாலும் மழை இல்லை. கொழும்புக்காரருக்குக் கிடைக்காத வசதி இது.

இனி, ஒரு சதமும் செலவில்லாத செயற்பாட்டைச் சொல்கிறேன். முகாமில் இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன்.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த எரத்தோஸ்தனீஸ், நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். சையீன் நகரில் ஒரு குறிப்பிட்ட நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நின்றது. வடக்கே அலெக்சாண்டிரியாவில் அதே நாளில் சுமார் 7.2 பாகை சரிந்து தெரிந்தது. 7.2 பாகை என்பது வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரு நகரங்களுக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

திருகோணமலை 8.6 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் 12 அளவிலும் ஆகஸ்ட் 31 அளவிலும் சூரியன் நண்பகலில் நமக்கு நேர் மேலே வரும். நிலத்தில் நட்ட கம்பின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். உங்களுக்குச் சையீன் உப்புவெளியிலேயே இருக்கிறது. அலெக்சாண்டிரியாவுக்கு எங்கே போவது? உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது லண்டனில் மாமாவோ சித்தியோ இருப்பார். அங்கேயும் அப்போது பாடசாலை விடுமுறை. மச்சான் ஒருவனை ஒரு மீற்றர் கம்பை நேராக நிறுத்தி, அங்கத்தைய நேரம் பகல் ஒரு மணிக்கு நிழலை அளந்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கோடைகால நேர மாற்றத்தால் லண்டனில் உண்மையான நண்பகல் ஒரு மணி அளவில்தான் வரும். நம் ஊரில் உண்மையான நண்பகல் நம் நேரப்படி 12 மணி தாண்டி ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள்.

ஆகஸ்ட் 31 அளவில் லண்டன் நிழல் கிட்டத்தட்ட 93 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். பிள்ளைகள் கம்பையும் நிழலையும் அளவுத்திட்டப்படி தாளில் வரைந்து, கம்பின் நுனியில் பாகைமானியை வைத்தால் சுமார் 43 பாகை வரும். தேசப்படத்தில் வடக்குத் தெற்காக மட்டும் அளந்தால் இரண்டு இடங்களுக்கும் இடையில் ஏறத்தாழ 4,770 கிலோமீற்றர். 360ஐ 43ஆல் வகுத்து 4,770ஆல் பெருக்கினால் 40,000க்குப் பக்கத்தில் ஒரு விடை. பிள்ளைகளின் அளவில் கொஞ்சம் கூடும் குறையும். ஏன் என்று அவர்களே தேடட்டும். கம்பு சரிந்திருந்ததா, நேரம் பிந்திவிட்டதா?

முகாம் ஆகஸ்ட் நடுப்பகுதியில் வந்தால் இன்னும் சுவாரசியம். அப்போது நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். ஒரு மீற்றர் கம்புக்குப் பத்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். லண்டனில் நிழல் வடக்கே. எனவே இரண்டு கோணங்களையும் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம்.

அதே மாமாவிடம் வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ் அன்டெனாவையும் படமெடுத்து அனுப்பக் கேளுங்கள். தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. நாம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் டிஷ் வானத்தை அண்ணாந்து பார்க்கும். லண்டன் டிஷ் தெற்கே அடிவானப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். இப்படிச் செய்மதிகளை நிறுத்திவைத்து உலகம் முழுக்கத் தொடர்பாடலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பின்னாளில் இலங்கையில் குடியேறி, கோணேசர் கோயிலடிக் கடலில் சுழியோடி அடியில் கிடந்த பழைய கோயிலின் தூண்களைப் பார்த்தவர். விரிவுரையாளர் பேசும் அந்த ஒரு மணி நேரத்தில் இந்தக் கதை இருக்கட்டும்.

சரி, ரொக்கெட். வாணத்து மருந்து, நெருப்புப்பெட்டி மருந்து எதுவும் கூடாது. இதில் பேரம் இல்லை. தண்ணீர் ரொக்கெட் போதும், உயரமாகவும் போகும். 1.5 லீற்றர் சோடாப் போத்தல், அதன் வாய்க்கு இறுக்கமான இறப்பர் தக்கை, தக்கைக்குள் குத்திய பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, நீளமான குழாய், சைக்கிள் பம்ப். வெறும் தண்ணீர் விற்கும் மெல்லிய போத்தல் வேண்டாம், அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். சோடாப் போத்தலிலும் வெள்ளைக் கீறலோ மடிப்போ விழுந்தால் எறிந்துவிடுங்கள். பம்ப் அடிப்பவர் பெரியவராக இருக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். பிள்ளைகள் குறைந்தது பத்து மீற்றர் தள்ளி நிற்கட்டும்.

போத்தலில் எவ்வளவு தண்ணீர் விட்டால் அதிக உயரம் போகும்? கால், மூன்றில் ஒன்று, அரை, முக்கால் என்று மாற்றி, ஒவ்வொன்றையும் மூன்று தடவை விடச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் நல்ல உயரம் கிடைக்கும். தண்ணீர் குறைந்தால் பின்னால் தள்ளுவதற்குப் பாரம் இல்லை, கூடினால் அழுத்திவைக்கக் காற்றுக்கு இடம் இல்லை. ஒரு நுணுக்கம்: தக்கை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து ரொக்கெட் கழன்று கிளம்பும் அழுத்தம் மாறும். தக்கையில் பேனையால் ஒரு கோடு போட்டு எல்லாத் தடவையும் அதே கோடு வரை அழுத்தாவிட்டால் உங்கள் அளவுகளுக்கு அர்த்தமில்லை. உயரத்தை அளக்க, பாகைமானியில் நூலும் சிறு கல்லும் கட்டி, உறிஞ்சுகுழல் வழியாகப் பார்த்தால் போதும். 20 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு 45 பாகை வந்தால் உயரம் 20 மீற்றரோடு அவருடைய கண்ணின் உயரம். மற்றக் கோணங்களுக்குத் தாளில் வரைந்து அளக்கட்டும்.

காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். பிறகு கச்சான் காற்றுக் கிளம்பினால் ரொக்கெட் பக்கத்து வளவில்தான் விழும். பாடசாலை மைதானத்தில் விடலாம். கோட்டைப் பகுதிக்குள்ளோ துறைமுகத்தை ஒட்டியோ சீனன்குடா விமானத் தளத்துக்குக் கிட்டவோ வேண்டாம், அவை படையினர் இருக்கும் இடங்கள். மைதானமாக இருந்தாலும் பொலிஸுக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் திடீரென்று கேட்கும் "டப்" சத்தத்துக்கு வீட்டுக்காரர் எப்படித் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, தரையிறங்கும் கலம். பத்திரிகைத் தாள், உறிஞ்சுகுழல், நூல், ஷொப்பிங் பை. இவற்றால் முட்டையைக் காப்பாற்றும் கலம் செய்து மேல்மாடியிலிருந்து போட வேண்டும். முட்டையை வீணாக்க மனமில்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன். முதற்சுற்றில் பாதிக்கு மேல் உடையும். உடனே சந்திரயான் கதையைச் சொல்லுங்கள். 2019 செப்டெம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கி சந்திரனில் மோதி நொறுங்கியது. அடுத்த கலத்தில் கால்களைப் பலப்படுத்தினார்கள். இறங்குமிடத்தை 500 மீற்றர் சதுரத்திலிருந்து 4 கிலோமீற்றருக்கு 2.4 கிலோமீற்றர் என்று அகலமாக்கினார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தென் துருவத்துக்கு அருகே மெல்ல இறங்கியது. ஒத்திகைக்குச் சந்திர மண் போல வேண்டும் என்று தேடியபோது, நாமக்கல் மாவட்டத்துப் பாறைகளை அரைத்துத்தான் எடுத்தார்கள். நமக்கும் இப்படி ஒன்று உண்டு: புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் உள்ள இல்மனைற் என்ற கனிமம், அப்பலோ 11 கொண்டுவந்த சந்திரக் கற்களிலும் ஏராளம். கதை முடிந்ததும் உடைந்த கலங்களைத் திருத்த இருபது நிமிடம் கொடுத்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

கடைசி நாளுக்குக் கட்டுப்பாட்டறை விளையாட்டு. அமெரிக்காவின் ஹன்ற்ஸ்வில் நகரில் 1982 முதல் நடக்கும் விண்வெளி முகாமில் விலை உயர்ந்த கருவிகள் நிறைய உண்டு. ஆனால் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆளுக்கொரு பொறுப்புக் கொடுத்துப் பயணத்தை நடித்துப் பார்க்கும் முறையை. அதற்கு இரண்டு வகுப்பறையும் இரண்டு கைபேசியும் போதும். 1970இல் சந்திரனுக்குப் போன அப்பலோ 13 கலம் பழுதானபோது, காற்றைச் சுத்தமாக்கும் சதுர வடிகட்டியை வட்டத் துளையில் பொருத்தும் வழியைத் தரையிலிருந்த பொறியியலாளர்கள் கண்டுபிடித்து, வாயால் சொல்லிச் சொல்லியே வீரர்களைச் செய்யவைத்தார்கள். அதே சிக்கலைக் கொடுங்கள்: சதுரப் பெட்டி, வட்டக் குழாய், மட்டை, பிளாஸ்திக் பை, ஒட்டும் நாடா. ஒரு அறையில் வடிவமைப்பவர்கள், மற்ற அறையில் செய்பவர்கள், வீடியோ கூடாது. "அதை இதுக்குள்ள விடு" என்று சொல்லிப் பயனில்லை என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

அரை மணி நேரம் மிஞ்சினால் பத்து சென்ரிமீற்றர் கனசதுரப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, அதற்குள் ஒரு செய்மதியை வடிவமைக்கச் சொல்லுங்கள். இலங்கையின் முதல் சிறுசெய்மதியான இராவணா-1 அந்த அளவுதான், எடை ஏறத்தாழ ஒரு கிலோ. 2019 ஏப்ரலில் ஏவி, ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விட்டார்கள். கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குப் பெயர் மறக்காது.

இரவு நிகழ்ச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பெற்றோரும் கூட வரட்டும். தெற்கே விருச்சிகம் தேளாகவே தெரியும், நடுவில் சிவப்பாகக் கேட்டை. வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில்தான். கையை நீட்டிப் பொத்திப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம்கூட இல்லை. மரமும் கட்டடமும் மறைக்காத இடமாகப் பாருங்கள். ரொக்கெட்டுக்குச் செய்த அதே பாகைமானியால் அதன் உயரத்தை அளந்தால் அதுவே ஊரின் அகலக்கோடு. நட்சத்திரம் பார்த்துக் கடலுக்குப் போய் வந்த வயதான மீனவர் ஒருவரை அழைத்துவர முடிந்தால், அவர் சொல்லும் வெள்ளிகளின் பெயர்களைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். பைனாகுலரைப் பகலில் பூட்டிவையுங்கள், சூரியன் பக்கம் ஒருவரும் திருப்பக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் முடியும்படி நேரம் போடுங்கள். ரீ-ஷேர்ட், சான்றிதழ் எல்லாம் பணம் மிஞ்சினால். பதிவுப் படிவத்தில் பெற்றோரின் தொலைபேசி இலக்கம், பிள்ளையின் ஒவ்வாமை, இரவு வீட்டுக்கு யார் கூட்டிப்போவார்கள் ஆகியவற்றோடு, லண்டனில் உறவினர் உண்டா என்றும் ஒரு கேள்வி சேருங்கள். கம்பும் அளவுநாடாவும் தயார் செய்ய அவர்களுக்கு ஒரு கிழமையாவது வேண்டும்.